நர்சிங் படிப்பு: முதல் சம்பளத்தைக் கேட்டுவிட்டு பீஸ் கட்டுங்கள்!



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் பேச்சே மாறிவிடும். "உங்க பொண்ணு எவ்வளவு மார்க்?" என்று முதலில் கேட்பார்கள். அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும். "நர்சிங்ல போடுங்க, கைவிடாது. நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டீங்கன்னா, அப்புறம் லண்டன், ஜெர்மனின்னு லட்சத்துல சம்பளம்!" இப்படிச் சொல்கிறவர்களில் சிலர், கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள் என்பது பிறகுதான் தெரிய வரும்.

நான் ஒரு சாதாரண இல்லத்தரசி. என் கணவர் மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறார். மூத்த மகள் 2022-ல் பி.எஸ்சி., நர்சிங் முடித்து, இன்று வரை வேலையில் இருக்கிறாள். ஒரு மாதம்கூட வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்ததில்லை. அதனால் இந்தப் படிப்பைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. பெண் குழந்தைக்குக் கையில் ஒரு தொழில் வேண்டும் என்றால், இதைப்போல் நிச்சயமான தொழில் சிலவே உண்டு.

ஆனால், கடன் வாங்கும்போது நாம் மனதில் வைத்திருப்பது ஒரு சம்பளம். தவணை கட்டத் தொடங்கும்போது கைக்கு வருவது வேறொரு சம்பளம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன. அதைப் பற்றித்தான் சகோதரிகளிடம் மனம் விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

பீஸ் மட்டுமே செலவு அல்ல

என் மகளுக்குக் கவுன்சிலிங் மூலம் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. கல்லூரி கொடுத்த தாளில் இருந்தது படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் மட்டும்தான். அதற்கு வெளியே என்ன செலவாகிறது என்று தனி நோட்டுப் போட்டு எழுதி வந்தேன்.

யூனிபார்ம் நாலு செட், அதற்குத் தையல் கூலி, ஷூ, வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், தெர்மாமீட்டர், கத்தரிக்கோல், டார்ச் அடங்கிய பை. பிறகு ரெக்கார்டு நோட்டுகள். அடேயப்பா, எத்தனை நோட்டு! சார்ட் பேப்பர், கலர் பேனா, ஜெராக்ஸ் என்று வாரம் ஒரு செலவு. விளக்கேற்றும் விழாவுக்குப் பணம். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்வரப் பஸ் கட்டணம். மனநல மருத்துவமனைப் பயிற்சிக்காக வெளியூரில் தங்கியதற்குத் தனிக்கட்டணம். பரீட்சைக் கட்டணம். எல்லாம் முடிந்த பிறகு, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும் செலவு. கூட்டிப் பார்த்தால் நான்கு வருடத்தில் 41,000 ரூபாய்! எந்த நோட்டீசிலும் இந்தத் தொகை இல்லை.

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே இப்படி. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் கல்லூரிக்குக் கல்லூரி கட்டணம் வேறுபடும். "பில்டிங்குக்கு", "டெபாசிட்டுக்கு" என்று ரசீது இல்லாமல் கேட்பதும் உண்டு. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நான்கு வருடத்துக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கடன் எப்படி வளர்கிறது?

கல்விக்கடன் வாங்கினால், படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று அர்த்தமில்லை. வட்டி அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. ஆக, தவணை ஆரம்பிக்கும் நாளில் நம் கடன் 4 லட்சம் அல்ல, 5 லட்சத்து 40 ஆயிரம்! இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தத்தில் வங்கிக்குப் போவது எட்டரை லட்சத்துக்கும் மேல்.

அதே கடனுக்கு, படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால், பிறகு வரும் தவணை சுமார் 5,290 தான். முதல் வருடம் மாதம் 830 ரூபாய் போதும். மகளிர் குழுச் சேமிப்பிலோ, பால் காசிலோ அதைக் கட்டிவிட முடியும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டமும் உண்டு. அது தானாக வந்து சேராது. வருமானச் சான்றிதழோடு நாம்தான் வங்கியில் கேட்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கடனும் மானியமும் கிடைக்குமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம்

என் மகள் 2022-ல் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது முதல் சம்பளம் 13,000 ரூபாய். அறை வாடகை, சாப்பாட்டுக்கு 6,000 போனது. எங்கள் பக்கத்துச் சிற்றூர் நர்சிங் ஹோம்களில் இதைவிடக் குறைவு. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதிகம் தருவார்கள். ஹாஸ்டல் வாடகையும் அதற்கேற்ப இருக்கும். இரண்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பிறகுதான் அவள் சம்பளம் 19,000 ஆனது. அனுபவம் ஏற ஏறச் சம்பளம் ஏறுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தவணை அனுபவத்துக்காகக் காத்திருக்காதே!

நாங்கள் வங்கியில் 2 லட்சம் மட்டும் கடன் வாங்கினோம். மீதிக்கு ஏலச்சீட்டு எடுத்தேன், என் ஆரத்தை விற்றேன். வட்டியைப் படிப்புக் காலத்திலேயே கட்டிவிட்டதால், தவணை மாதம் 2,650 ரூபாயில் நின்றது. 13,000 சம்பளத்தில் அது கடிக்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா குடும்பத்தில் நடந்தது வேறு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்து, வீட்டுப் பத்திரத்தை வைத்து 8 லட்சம் வாங்கினார்கள். வட்டி சேர்ந்து கடன் பத்து லட்சத்தைத் தாண்டி, தவணை மாதம் 14,000-க்கு மேல் வந்து நிற்கிறது. அந்தப் பெண்ணின் சம்பளமே 14,000! "சம்பளம் வாங்குறது அவ, சாப்பிடுறது பேங்க்கு" என்று அக்கா சொல்லும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போதாக்குறைக்கு, அவள் சேர்ந்த ஆஸ்பத்திரி இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது. கூடுதல் சம்பளத்துக்கு வேறு இடம் கூப்பிட்டாலும் போக முடியவில்லை. சகோதரிகளே, எந்தச் சூழ்நிலையிலும் அசலைக் கொடுக்க விடாதீர்கள். பார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வர வேண்டியது ஜெராக்ஸ் மட்டுமே.

என் அனுபவத்தில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். உள்ளூரில் கிடைக்கும் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது. சம்பளம் 13,000 என்றால் தவணை 4,300-க்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன வட்டிக் கணக்குப்படி, அது தாங்குவது சுமார் இரண்டரை லட்சம் கடன். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் 3 லட்சம் வரை தாங்கும். அதற்கு மேல் வாங்கினால், பெண்ணின் வயிற்றிலோ தகப்பனாரின் தூக்கத்திலோதான் கை வைக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் சம்பளம் எப்போது வரும்?

"வெளிநாடு போய்விட்டால் ஒரே வருடத்தில் அடைத்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். போனவர்கள் அடைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அந்தச் சம்பளம் எந்த மாதம் ஆரம்பிக்கும் என்று பாருங்கள்.

வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதன் மேல் அந்தந்த நாட்டுத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு. இங்கிலாந்து என்றால் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண், பிறகு கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு. ஜெர்மனியில் முழுத் தகுதியுள்ள செவிலியராக வேலை பார்க்க ஜெர்மன் மொழியில் பி-2 நிலை வேண்டும். அ, ஆ-விலிருந்து ஆரம்பித்து அந்த நிலைக்கு வரச் சுமார் ஒரு வருடம் முழுமூச்சாகப் படிக்க வேண்டும். அதற்கும் பீஸ் உண்டு. ஆக, படிப்பு முடிந்து இரண்டு மூன்று வருடத்துக்கு முன் வெளிநாட்டுச் சம்பளம் கண்ணில் படாது. வங்கித் தவணையோ ஒரே வருடத்தில் கதவைத் தட்டும். நடுவிலுள்ள அந்த இரண்டு வருடத்தைத் தாங்க வேண்டியது உள்ளூர்ச் சம்பளம்தான். அதனால்தான் கடனை உள்ளூர்ச் சம்பளத்தால் அளக்கச் சொல்கிறேன்.

ஏஜென்ட்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். குவைத் வேலைக்கு லட்சக்கணக்கில் பிடுங்கிய மோசடிகள் வெளிவந்த பிறகு, 2015-ல் மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. நம் மாநிலத்தில் அதற்கென்றே 1978-ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று யாராவது கேட்டால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அரசு வேலை என்றால்?

அதிலும் இரண்டு வகை உண்டு. எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளில் செவிலிய அலுவலருக்கு ஏழாவது ஊதியக்குழு நிர்ணயித்த தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. ஆனால் அதற்கு அகில இந்தியப் போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

நம் மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் ஜெயித்து 2015-ல் ஒப்பந்த முறையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய்! 2017-ல் அவர்கள் சென்னையில் கூடிப் போராடிய பிறகுதான் அது 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்க ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் ஏராளமானோர், 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு அனுப்பப்பட்டார்கள். எனவே "கவர்மென்ட் வேலை" என்ற சொல்லைக் கேட்டு மயங்காமல், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள்.

தனியார் சம்பளம் இவ்வளவு குறைவாக இருப்பது நியாயமா? 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூடச் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் ஒன்று சேர்ந்து போராடி, 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையிலேயே கொண்டு வந்தார்கள். இங்கே 2022-ல் என் மகள் வாங்கியது 13,000. வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-லேயே தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பட்டதாரிச் செவிலியர், கூலிக் கணக்கைவிடக் குறைவாக வாங்குகிறார். "சேவை" என்று பூ வைத்துப் பேசிப் பேசியே சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். பில்லில் நர்சிங் சார்ஜ் என்று நம்மிடம் தனியாக வாங்குகிற பணம் யாருக்குப் போகிறது?

செலவு குறைந்த வழிகள்

படிப்பு ஒன்றுதான், வாசல்கள் பல. அரசு செவிலியர் கல்லூரி இடமும், தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டு இடமும் பிளஸ் டூ மார்க் அடிப்படையில் கவுன்சிலிங்கில் வழங்கப்பட்டு வருகின்றன. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பட்டப்படிப்புக்கு அரசு இடம் கிடைக்கவில்லையா? அரசு மருத்துவமனைகளைச் சார்ந்த பள்ளிகளில் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. ஒரு வருடம் மிச்சம், செலவும் சொற்பம். சின்ன ஆஸ்பத்திரிகளில் டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் பெரிய சம்பள வித்தியாசம் பார்ப்பதில்லை. மாநில அரசுச் செவிலியர் தேர்வை டிப்ளமோ முடித்தவர்களும் எழுதியே வந்திருக்கிறார்கள். பின்னால் வசதி வரும்போது, இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரி ஆகிவிடலாம். எம்.எஸ்சி. படித்து ஆசிரியை ஆக வேண்டும், எய்ம்ஸ் தேர்வை அனுபவமில்லாமலே எழுத வேண்டும் என்றால் டிகிரிதான் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு எட்டு லட்சம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

ராணுவச் செவிலியர் பணிக்கான நான்கு வருடப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. முடித்ததும் அதிகாரியாகவே பணி. ஆனால் அதற்கு நீட் மதிப்பெண் வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் இடத்துக்கும் அப்படியே. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 48,000. என் நோட்டில் எழுதிய சில்லறைச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும்!

ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள். பஸ் ஸ்டாண்ட் மாடியில் "ஒரே வருடத்தில் நர்சிங்" என்று போர்டு போட்டுக் கொடுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் "ஹெல்பர்" சம்பளம்தான். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், மாநில கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாணத்தையும் கணக்கில் சேருங்கள்

இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் படிப்பு முடிகிறது. இருபத்தி நாலில் வரன் பார்க்கிறோம். வருகிறவர்கள், "நர்சா? நைட் டூட்டி எல்லாம் எங்க வீட்டுக்கு ஒத்து வராதுங்க" என்கிறார்கள். அல்லது, சம்பளத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு, முதல் குழந்தையோடு வேலையை விடச் சொல்கிறார்கள். பத்து வருடத் தவணையில் ஏழு வருடம் பாக்கி இருக்கும். பெண்ணோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பா, ஓய்வு பெறும் வயதில் அதைக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே சம்பந்தம் பேசும்போது, நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள். "எங்க பொண்ணுக்குப் படிப்புக் கடன் இன்னும் இவ்வளவு இருக்கு. அது அடையிற வரைக்கும் அவ சம்பளத்துல இருந்து தவணை போகும். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவா." இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைக் கேட்டு எழுந்து போகிற சம்பந்தம் போகட்டும். மாமியார் ஸ்தானத்தில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு டிரிப் மாற்ற வருகிற பெண் மட்டும் தேவதை, வீட்டுக்கு வரும் மருமகள் நைட் டூட்டி பார்த்தால் குற்றமா?

சேர்க்கைக்குப் போகும் தாய்மார்கள் இதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நான்கு வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு? போன வருடம் முடித்த பெண்கள் எங்கே, என்ன சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள்? கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் நோயாளிகள் வருகிறார்களா? படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று பாண்ட் உண்டா? கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா?

அலுவலகத்தில் சொல்லும் பதிலை அப்படியே நம்பாமல், கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் கடைசி வருட மாணவிகள் இரண்டு பேரிடமும் கேளுங்கள். வாங்கப் போகும் முதல் சம்பளத்தை அவர்கள் சொல்வார்கள். அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள். தவணை அதற்குள் அடங்கினால், தாராளமாகச் சேருங்கள். அடங்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போங்கள். அரசு டிப்ளமோவுக்கும் விண்ணப்பம் போடுங்கள். நர்ஸாகும் ஆசையுள்ள பெண்ணை அதிலிருந்து திருப்ப வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவள் தலையில் கடனை ஏற்றாமல் இருந்தால் போதும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.